விமானம் புதுக்கலும் வலியறிதலும்

ஆகாயத்திலே விமானத்தின் ஒலி கேட்டவுடன் அண்ணாந்து நோக்காத சிறுவன் இல்லை. அச்சிறுவர்களுட் சிலர் வளர்ந்து விமான மெக்கானிக் தொழிலைப் பயிலச் செல்கின்றனர். அங்ஙனம் செல்வோர் உள்ளத்தில், கைவிடப்பட்ட பழைய விமானம் ஒன்றைத் தம் கையாலே புதுக்கி மீண்டும் பறக்கச் செய்யவேண்டும் என்னும் வேட்கை எழுதல் இயல்பு. வேட்கை போற்றத்தக்கதே. ஆயின், முதன்முதலாக எவ்விமானத்தை எடுத்துக்கொள்வது என்பதை ஆராயாது தொடங்குவோர் பலர். அவர்தம் பணி ஆண்டுக்கணக்காகக் கொட்டிலிற் கிடந்து, ஈற்றிற் பழைய இரும்பாக விலைப்படுவதுண்டு. ஆதலின் அத்தேர்வைப் பற்றிச் சில கூறப் புகுகின்றோம்.

புதுக்குதல் என்பது வண்ணம் பூசி அழகுபடுத்துதல் அன்று. விமானத்தை முற்றாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் சோதித்து, பழுதுற்றதைத் திருத்தியோ மாற்றியோ, செய்தவர் வகுத்த அளவு சிறிதும் பிறழாது மீளப் பொருத்தி, பறத்தற்குத் தக்கது என்னும் சான்றிதழைப் பெறுதலே புதுக்குதலாகும். வழியிலே மோட்டார் வண்டி பழுதுற்றால் ஓரமாக நிறுத்தலாம். ஆகாயத்தில் ஓரம் இல்லை. இத்தொழிலின் கண்டிப்பு முழுவதற்கும் காரணம் இதுவே.

செயலின் வலி, தன் வலி, பகையின் வலி, துணையின் வலி ஆகிய நான்கையும் சீர்தூக்கிய பின்னரே செயலில் இறங்கவேண்டும் என்பது வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் அரசர்க்குக் கூறிய நெறி. அந்நெறி தொழில் பயில்வோனுக்கும் பொருந்தும். சிறிய பழைய விமானங்கள் மிகுதியாக உள்ள நாடு அமெரிக்காவாதலின், நம் உதாரணங்களை அங்கிருந்தே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, செயலின் வலி. 1942ஆம் ஆண்டு யூலை மாதம் கிறீன்லாந்துப் பனிப்பரப்பில் இறங்க நேர்ந்த அமெரிக்கப் போர்விமானங்களுள் ஒன்று, 1992இல் ஏறத்தாழ 268 அடி ஆழப் பனிக்கட்டியின் கீழிருந்து மீட்கப்பட்டது. பீ-38 வகையைச் சேர்ந்த அவ்விமானம் 2002 ஒக்டோபரில் மீண்டும் பறந்தது. இத்தகைய செய்திகளே இளைஞரைத் தூண்டுகின்றன. ஆயின் அவ்வெற்றியின் பின்னே தேர்ந்த தொழிலாளர் பலரின் உழைப்பும், பெருஞ் செல்வமும், பத்தாண்டுக் காலமும் இருந்தன. அதே கிறீன்லாந்தில் 1947இல் இறங்கிய பீ-29 ஒன்றை மீட்கச் சென்ற அனுபவசாலிகள், எஞ்சின்கள் நான்கையும் மாற்றினர். எனினும் 1995 மே மாதத்தில் அது பறக்கப் புறப்பட்டுத் தரையில் ஓடும்போதே தீப்பற்றி அழிந்தது. வல்லவர்க்கே இந்நிலை எனின், பயிலுநன் பெரியதை விரும்பலாமா? அகலக்கால் வையாதே என்று நம் முன்னோர் கூறியது இதனாலன்றோ!

முதற்பணிக்கு ஏற்றது எளிய விமானமே. அதற்கு நல்ல உதாரணம் பைப்பர் கப் என்பது. 1938 முதல் 1947 வரை ஏறத்தாழ 20,000 செய்யப்பட்டன. எஃகுக் குழாய்களை இணைத்த உடற்கூடு. அதன் மேலே துணிப் போர்வை. பெரும்பாலானவற்றில் 65 குதிரைவலுக் கொண்ட எஞ்சின். மின்கல அடுக்கோ மின்விசையாற் கிளப்பும் கருவியோ அதன் இயல்பான அமைப்பில் இல்லை. சுழலியைக் கையாற் சுற்றியே எஞ்சினைக் கிளப்புவர். இத்துணை எளிய விமானத்திலேயே குழாய்ப் பற்றவைப்பு, துணி போர்த்தல், கம்பிவடங்களின் இழுவிசை சரிப்படுத்தல், எஞ்சின் பிரித்துக் கோத்தல் ஆகிய அடிப்படைத் தொழில்கள் யாவும் அடங்கும். தகட்டு வேலையிற் கைதேற விரும்புவோன் முழுவதும் அலுமினியத்தாலான செஸ்னா 150 என்பதைத் தேரலாம். 1958 முதல் 1977 வரை அவ்வகையில் 23,000க்கு மேற்பட்டவை செய்யப்பட்டன.

இரண்டாவது, தன் வலி. பணம், காலம், இடம், கைத்திறன் என இது நான்கு கூறுபடும். விமானத்தை வாங்கும் விலை செலவின் தொடக்கமேயன்றி முடிவன்று. எஞ்சினை முற்றாகப் புதுக்கும் செலவு, சிலபோது விமானத்தின் விலையையும் விஞ்சும். கப் விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 35 அடிக்குச் சற்று மேற்படும். பிரித்த இறக்கைகளை மழையும் ஈரமும் அணுகாது வைக்க இடம் உண்டா? வாரத்தில் எத்தனை மணி நேரம் தவறாது உழைக்க முடியும்? இவ்வினாக்களுக்கு ஆசையை விலக்கி விடை எழுதுதல் வேண்டும்.

மூன்றாவது, பகையின் வலி. இங்கே பகை என்பது துரு. நம்மூரவர் கறள் என்பர். வெளியே தோன்றும் துருவினும் உள்ளே மறைந்த துருவே கொடியது. கப் விமானத்தின் இறக்கைகளைச் சாய்ந்த தாங்குதண்டுகள் தாங்குகின்றன. அத்தண்டுகள் உள்ளீடற்ற எஃகுக் குழாய்கள். உள்ளே புகுந்த நீர் கீழ்முனையில் தங்கி, உட்புறத்தை மெல்ல அரித்துவிடும். வெளியிலோ வண்ணம் பளபளக்கும். அத்தண்டு வானில் முறியுமாயின் இறக்கை நில்லாது; இறக்கை நில்லாவிடின் ஏறியவர் உயிரும் நில்லாது. ஆதலின் அமெரிக்க விமானத்துறை 1993இல் ஓர் ஆணை பிறப்பித்தது. இத்தகைய தண்டுகளை 24 மாதத்திற்கு ஒருமுறை சோதிக்கவேண்டும், அல்லது நீர் புகாது அடைக்கப்பட்ட புதிய தண்டுகளைப் பூட்டவேண்டும் என்பது அதன் சாரம். கீழ்ப்பகுதியைக் குறித்த விசையுடன் கருவியாற் குத்தி, குழி விழுகின்றதா என நோக்குவது அச்சோதனை முறைகளுள் ஒன்று. வாங்குமுன்னரே தாங்குதண்டுகளையும், வாற்பக்கத்துக் கீழ்க்குழாய்களையும், இறக்கையின் நெடுஞ்சட்டங்களையும் சோதித்தல் பயிலுநனின் முதற்கடன்.

நான்காவது, துணையின் வலி. அமெரிக்கச் சட்டப்படி, உடற்பகுதிக்கும் எஞ்சினுக்கும் சேர்த்து உரிமம் வேண்டுவோன், தொழிற்பள்ளியிற் பயிலாவிடின் 30 மாதத் தொழில் அனுபவம் காட்டல் வேண்டும். அதுவரை அவன் செய்யும் வேலை உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையிலேயே நடைபெறும். ஆதலின் விமானத்தைத் தேடுமுன் ஆசானைத் தேடுக. அவர் நன்கறிந்த வகையையே தேர்க. அடுத்த துணை உதிரி உறுப்புகளும் கைநூல்களும். மிகுதியாகச் செய்யப்பட்ட வகைகளுக்கு இவை எளிதிற் கிடைக்கும். அருமையான வகைக்கு ஒவ்வோர் உறுப்பையும் தேடியே காலம் கழியும். மூன்றாவது துணை பதிவேடுகள். விமானம் என்று செய்யப்பட்டது, எங்கே மோதுண்டது, எவர் எதனை மாற்றினர் என்னும் வரலாறு அவற்றில் உள்ளது. பதிவேடும் அடையாளத் தகடும் அற்ற விமானம், பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை போன்றது. இருந்தும் இல்லை எனவே அலுவலகம் கருதும்.

இனி, இரண்டு விமானங்கள் விலைக்கு வந்தன எனக் கொள்வோம். ஒன்று புதுவண்ணம் பூசியது, விலை மலிந்தது. ஆனால் பதிவேடுகள் இல்லை, உறுப்புகள் சில பெட்டிகளிற் கலந்து கிடக்கின்றன. மற்றொன்று துணி கிழிந்து அழுக்கேறியது, விலை சற்று அதிகம். ஆயினும் உறுப்புகள் குறைவின்றி உள்ளன, தொடக்கம் முதலான பதிவேடுகளும் உள்ளன. கண் முதலாவதை நாடும். கருத்து இரண்டாவதை நாடுதல் வேண்டும். துணி எப்படியும் மாற்றப்படுவதே. இழந்த வரலாற்றை எவராலும் தைத்துத் தரமுடியாது.

தேர்ந்த பின்னரும் விமானம் முழுவதையும் ஒரே நாளிற் பிரித்துவிடலாகாது. ஒவ்வொரு நிலையிலும் புகைப்படம் எடுத்து, ஆணி ஒன்றையும் தவறவிடாது சீட்டுக் கட்டி வைத்தல் வேண்டும். முதலில் வாற்சுக்கான் போன்ற சிற்றுறுப்பு ஒன்றை எடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை செய்து, ஆசானிடம் காட்டுக. அதற்குச் சென்ற காலத்தையும் பணத்தையும் குறித்துக்கொள்க. எஞ்சிய பணியின் அளவு அப்பொழுது விளங்கும். தன் வலிக்கு மிஞ்சியது எனத் தெரிந்தால், அந்நிலையில் வேறொருவர்க்கு ஒப்படைத்தல் இழுக்கன்று. பிரித்துப் போட்டு மறத்தலே இழுக்கு.

மாணவர்களே, வேலை முடிந்ததும் பதிவேட்டிலே ஒரு கையொப்பம் இடப்படுகின்றது. இன்று அது ஆசானுடையது, நாளை உங்களுடையது. அவ்விமானத்தில் ஏறுவோன் உங்களை ஒருபோதும் கண்டிரான். அக்கையொப்பத்தை நம்பியே ஏறுவான். அஞ்சாது கையொப்பம் இடக்கூடிய பணி எதுவோ, அதுவே உங்கள் முதற்பணிக்குத் தக்க விமானம். சிறியதொன்றைக் குறைவற முடித்தவனுக்குப் பெரியது தானே வந்துசேரும்.