இந்திய ரூபாயும் இலங்கை ரூபாவும்

ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வட்டாரத்துச் சின்ன வெங்காயம் தூத்துக்குடி வழியாய் இலங்கைக்கு ஏற்றுமதியாதல் பலரும் அறிந்ததே. அதனை விற்கும் வணிகர் நாணயமாற்று விகிதத்தையும் நோக்குதல் வேண்டும். 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்திய ரூபாய் ஒன்று, இலங்கை ரூபாய் ஏறக்குறைய இரண்டே முக்காலுக்கு நிகராயிருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் நான்கரைக்கும் மேலாயிற்று. இத்தகைய மாறுதல்களைக் கண்டு பழகிய இக்கால மாணவர்க்கு, இவ்விரு நாணயங்களும் தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் சரிநிகராய் நின்றன என்பது வியப்பைத் தரும். அந்நிகர் எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு அழிந்தது, அழிந்தபோது யார் தலையில் விடிந்தது என்பவற்றை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இலங்கை மலைநாட்டில் காப்பிப் பயிர் பெருகியபோது அதற்கு வேண்டிய ஆட்கள் மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து சென்றனர். ஒட்டன்சத்திரம் அக்காலத்து மதுரை ஜில்லாவில் அடங்கியதாகும். கூலிக்குக் கடல் கடப்பவன் தன் ஊர்க் கடையிலே செல்லும் நாணயத்தையே கூலியாக விரும்புவான். பவுனும் ஷில்லிங்கும் அவனுக்கு என்ன பயன்? தோட்டத்தார்க்கு வேண்டிய அரிசியும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றது. ஆதலின், அதுகாறும் ஆங்கில நாணயத்திற் கணக்கு வைத்திருந்த அத்தீவின் அரசாங்கத்தார், 1872 ஜனவரி முதல் தேதி தொட்டு ரூபாயையே தம் நாட்டு நாணயமாகக் கொண்டனர். அவர்கள் அதன் பொருட்டுப் புதிதாக வெள்ளி ரூபாய் அடித்தாரல்லர். நம் நாட்டு நாணயசாலைகளில் அடித்த ரூபாயே அங்கும் ரூபாய். பகுப்பு மட்டும் வேறு. நாம் ரூபாயைப் பதினாறு அணாவாகப் பிரித்தோம்; அவர்கள் நூறு சதமாகப் பிரித்தனர். ஆகவே ஓரணாவுக்கு ஆறேகால் சதம். நாம் 1957 ஏப்ரல் முதல் தேதியில் மேற்கொண்ட நூற்றுப் பகுப்பை அவர்கள் எண்பத்தைந்து ஆண்டு முன்னரே கைக்கொண்டமை கருதத்தக்கது.

1884-இல் ஓரியண்டல் பாங்கி முறிந்தது. அதன் நோட்டுகள் இலங்கையில் மிகுதியாக வழங்கின. அவற்றுக்கு அரசாங்கத்தார் பொறுப்பேற்று, அவ்வாண்டிலேயே சட்டமியற்றி நோட்டு வெளியிடும் உரிமையைத் தாமே எடுத்துக்கொண்டனர். அந்நோட்டுகளுக்கு ஈடாக வைத்த வெள்ளி நாணயம் இந்திய ரூபாயே. இதனால் விளைந்ததொன்றை மாணவர் நன்கு உளங்கொளல் வேண்டும்: இந்திய ரூபாய் சென்ற வழியெல்லாம் இலங்கை ரூபாயும் சென்றது. 1873-க்குப் பின் உலகில் வெள்ளி மலிந்தமையின், இரண்டு ஷில்லிங்குக்கு அணித்தாயிருந்த ரூபாய் 1894-95-இல் ஒரு ஷில்லிங்கு ஒரு பென்னி அளவிற்கு இறங்கிற்று. 1893-இல் இந்திய அரசாங்கத்தார் தனியார் கொணரும் வெள்ளியை நாணயமாக அடித்துக் கொடுத்தலை நிறுத்தினர். பின்னர் ரூபாய் ஒரு ஷில்லிங்கு நான்கு பென்னியில் நிலைத்தது. 1927-இல் சட்டப்படி ஒரு ஷில்லிங்கு ஆறு பென்னியாயிற்று. இம்முடிவுகளில் கொழும்புக்கு வாக்கு இல்லை.

ரூபாய் இறங்கிய காலத்தில் தோட்ட முதலாளிமார் தம் விளைபொருளை இலண்டனில் பவுனுக்கு விற்று, கூலியை ரூபாயிற் கொடுத்து ஊதியம் கண்டனர். தொழிலாளி இவற்றையெல்லாம் அறியான். அவன் வீட்டுக்கு அனுப்பிய பத்து ரூபாய், அனுப்பும் செலவு நீங்கலாக, பத்து ரூபாயாகவே வந்து சேர்ந்தது. அவனளவில் மாற்றுவிகிதம் என ஒன்று இருந்ததேயில்லை.

1950 ஆகஸ்டு 28-இல் இலங்கை மத்திய பாங்கி திறக்கப்பட்டது. அதுமுதல் இரண்டும் வெவ்வேறு நாணயங்களே. எனினும் இரண்டும் அமெரிக்க டாலர் ஒன்றுக்கு 4 ரூபாய் 76 காசு என்னும் ஒரே அளவில் நின்றமையால் நிகர் குலையவில்லை. ஒரே காசாயிருந்ததனால் வந்த நிகர் வேறு. இரு அரசுகளும் ஒரே எண்ணை விரும்பியதனால் வரும் நிகர் வேறு. பின்னது விருப்பம் மாறுமளவே நிற்கும்.

1964 அக்டோபர் 30-இல் லால் பகதூர் சாஸ்திரியாரும் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதன்படி இலங்கையிலிருந்த இந்திய வமிசாவளியினருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று. ஒரு குடும்பம் உடன்கொண்டு செல்லக்கூடிய செல்வத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் குறைக்கப்படலாகாது என்றும் அதில் எழுதினர். அத்துணைப் பணம் எத்தனை குடும்பங்களிடம் இருந்தது என்பது வேறு வினா. எழுதிய நாளில் அத்தொகை எந்நாட்டு ரூபாய் என்று கேட்க வேண்டியதில்லை, இரண்டும் ஒன்றே.

ஒப்பந்தம் செயற்படுமுன்பே நிலை மாறிற்று. 1966 ஜூன் 6-இல் இந்தியா தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்து, டாலர் ஒன்றுக்கு 7 ரூபாய் 50 காசு என வகுத்தது. இலங்கை உடன் குறைக்கவில்லை. எனவே இலங்கை ரூபாய் 4,000, இந்திய ரூபாய் 6,300 ஆயிற்று. இதனைத் தாயகம் திரும்புவோர்க்குக் கிடைத்த பேறென்று கொள்ளுதல் அவசரமாகும். அக்காலத்து வறட்சியால் நம் நாட்டிலே தானிய விலை ஏறியிருந்தது. எண் மிகுந்தது, வாங்கும் ஆற்றல் அவ்வளவு மிகவில்லை. 1967 நவம்பரில், பவுன் இறங்கியதையொட்டி இலங்கையும் தன் நாணயத்தை 5 ரூபாய் 95 சதத்திற்கு இறக்கியது. 6,300 இப்போது ஏறத்தாழ 5,040.

பேரிறக்கம் 1977 நவம்பரில் வந்தது. புதிதாய்ப் பதவியேற்ற ஜயவர்த்தன அரசாங்கத்தார் தம் நாணயத்தை டாலர் ஒன்றுக்கு ஏறக்குறைய 16 ரூபாய் என்னும் நிலையில் விட்டனர். இந்திய ரூபாய் அப்போது டாலருக்கு ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. ஒப்பந்தத்தில் எழுதிய அதே 4,000, இந்தியாவில் சுமார் 2,200 ஆகச் சுருங்கிற்று. ஏற்றுமதியாளர்க்கு இம்மாற்றம் உதவியது என்பர், அஃது உண்மையே. ஆயின் மலைத்தோட்டத்தில் இருபது முப்பது ஆண்டு கொழுந்து பறித்து, அன்றுவரை கப்பலேறாதிருந்தவர் ஏற்றுமதி செய்தவரல்லர்.

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு வந்து, மண்டபம் முகாமில் இறங்கிப் பின் பல ஜில்லாக்களுக்குப் பிரிந்த இம்மக்களுட் சிலர், ஒட்டன்சத்திரத்துக்குத் தெற்கே தோன்றும் பழனி மலைத்தொடரில், கொடைக்கானல் பக்கத்தில் குடியேறினர். அக்கப்பல் போக்குவரத்து 1984-இல் உள்நாட்டுப் போரால் நின்றது. அதுகாறும் வந்துகொண்டேயிருந்தனர், அவர்தம் சேமலாப நிதியும் கருணைத்தொகையும் இலங்கை ரூபாவிலேயே கணக்கிடப்பட்டிருந்தன.