வீட்டுக் கணினியில் உள்ளடக்க வடிகட்டி: எதை முதலில் சரிசெய்வது

வீட்டுக் கணினியில் தகாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டியைப் பல இடங்களில் அமைக்கலாம்: பயனர் கணக்கில், உலாவியிலும் தேடுபொறியிலும், கணினியின் டிஎன்எஸ் முகவரியில், வீட்டு ரவுட்டரில். கண்ணில் முதலில் படுவது உலாவி என்பதால் பெரும்பாலான பெற்றோர் அங்கேயே கைவைக்கிறார்கள். அந்த அமைப்பை ஒரு வாரத்துக்குள் பிள்ளை மாற்றிவிடுகிறது. முதல் வேலை கணக்கில்தான் இருக்கிறது.

குடும்பமே ஒரே கணக்கில் புழங்கும் கணினியில் எந்த வடிகட்டியும் நிலைக்காது. அது பெரும்பாலும் நிர்வாகிக் கணக்காக இருக்கும். அதில் உட்காரும் எவரும் அமைப்புகளை மாற்றலாம், வேறு உலாவியை நிறுவலாம், விபிஎன் செயலியை இறக்கிக்கொள்ளலாம். பெரியவருக்கு நிர்வாகிக் கணக்கு, பிள்ளைக்குத் தனியாகச் சாதாரணக் கணக்கு, நிர்வாகிக் கணக்குக்கு வலுவான கடவுச்சொல் என்று பிரித்த பிறகே மற்றவற்றுக்குப் போக வேண்டும். பிறந்தநாளையும் கைப்பேசி எண்ணின் கடைசி இலக்கங்களையும் கடவுச்சொல்லாக வைத்துப் பயனில்லை. வீட்டுப் பிள்ளைகளுக்கு அவை மனப்பாடம்.

விண்டோஸில் இதற்கென இருப்பது மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி. பிள்ளையின் கணக்கு மைக்ரோசாஃப்ட் கணக்காக இருந்து, குடும்பக் குழுவில் சேர்க்கப்பட்டிருந்தால்தான் அது செயல்படும். கணினிக்குள் மட்டும் உருவாக்கிய உள்ளூர்க் கணக்கு அதன் பிடிக்குள் வராது. வலை வடிகட்டி எட்ஜ் உலாவிக்கு உரியது. அதை இயக்கியதும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற மற்ற உலாவிகள் பிள்ளையின் கணக்கில் திறக்காமல் போகும். இதைப் பழுது என்று நினைத்து வடிகட்டியையே அணைத்துவிடுபவர்கள் உண்டு. உண்மையில் ஏற்பாடே அப்படித்தான். மேக் கணினிகளில் 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து ஸ்கிரீன் டைம் இருக்கிறது. அதற்குத் தனிக் கடவு எண் வைக்க வேண்டும். இரண்டிலுமே வயதுவந்தோர் தளங்களை மட்டும் விலக்கலாம், அல்லது அனுமதித்த தளங்களை மட்டும் திறக்கவிடலாம். இரண்டாவது, எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதுக்குப் பொருந்தும். பள்ளிப் பாடத்துக்காகத் தேடத் தொடங்கிய பிள்ளைக்கு அது மூச்சுமுட்டும்.

அடுத்தது டிஎன்எஸ். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை அது. குடும்பங்களுக்கான டிஎன்எஸ் சேவைகள், வேண்டாத தளத்தின் பெயரைக் கேட்டால் முகவரியைச் சொல்ல மறுத்துவிடும். வழி கேட்பவருக்கு ஊரார் வழி காட்ட மறுப்பதைப் போல. கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.3, 1.0.0.3 ஆகிய முகவரிகளும், ஓப்பன்டிஎன்எஸ் ஃபேமிலிஷீல்டின் 208.67.222.123, 208.67.220.123 ஆகியவையும் இலவசமாகக் கிடைப்பவை. கடைசி எண்ணில் கவனம் தேவை. 1.1.1.2 தீநிரல் தளங்களை மட்டுமே தடுக்கும், 1.1.1.1 எதையும் தடுக்காது. விண்டோஸ் 11-இல் நெட்வொர்க் அமைப்புகளுக்குள் டிஎன்எஸ் ஒதுக்கீட்டைக் கைமுறைக்கு மாற்றி இவற்றை உள்ளிடலாம். இதை மாற்ற நிர்வாகி அனுமதி வேண்டும் என்பதால், மேலே சொன்ன கணக்குப் பிரிப்பு இங்கே கைகொடுக்கிறது.

இவ்வளவு செய்தும் தளங்கள் தடையின்றித் திறந்தால் மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும். பழைய முகவரிகள் கணினியின் நினைவில் தங்கியிருக்கலாம். மறுதொடக்கம் செய்தால் அது தீரும். ஐபிவி4 பகுதியை மட்டும் மாற்றிவிட்டு ஐபிவி6 பகுதியை அப்படியே விட்டிருக்கலாம். அப்போது கேள்விகள் இணையச் சேவையாளரின் டிஎன்எஸ்ஸுக்கே போகும். கிளவுட்ஃப்ளேரின் ஐபிவி6 முகவரி 2606:4700:4700::1113. மூன்றாவது காரணம் பலருக்குத் தெரிவதில்லை. இன்றைய உலாவிகளில் பாதுகாப்பான டிஎன்எஸ் என்றொரு வசதி உண்டு. அதில் வேறு சேவையைத் தேர்ந்திருந்தால் உலாவி கணினியின் அமைப்பைக் கேட்காமல் தானே அந்தச் சேவையிடம் போய்விடும். உலாவிக்குள் அதை அணைக்க வேண்டும், அல்லது அங்கேயும் குடும்பச் சேவையின் முகவரியையே கொடுக்க வேண்டும்.

ரவுட்டரில் அமைத்தால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் வடிகட்டி ஒரே நேரத்தில் கிடைக்கும். ஆனால் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்த நொடியில் அது விலகிவிடும். எனவே ரவுட்டரோடு நிறுத்தாமல் கணினியிலும் அமைப்பது நல்லது.

டிஎன்எஸ் தளத்தின் பெயரை மட்டுமே பார்க்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கூகுள் படத் தேடலில் வரும் சிறு படங்களையும் யூடியூபின் காணொளிகளையும் அதனால் பிரித்தறிய முடியாது. அந்த இடைவெளியைத் தேடுபொறியின் சேஃப்சர்ச் அமைப்பும் யூடியூபின் கட்டுப்பாட்டுப் பயன்முறையும்தான் அடைக்கின்றன. சேஃப்சர்ச்சில் மங்கலாக்குவது ஒரு நிலை, முற்றிலும் வடிகட்டுவது இன்னொரு நிலை; பிள்ளையின் கணக்குக்கு இரண்டாவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். யூடியூபின் அமைப்பை ஒவ்வொரு உலாவியிலும் தனித்தனியே இயக்க வேண்டியிருக்கும். கிளீன்பிரௌசிங்கின் குடும்ப வடிகட்டி (185.228.168.168, 185.228.169.168) இவ்விரண்டையும் டிஎன்எஸ் வழியாகவே கட்டாயமாக்குகிறது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது வசதி.

எந்த வடிகட்டியும் இரண்டு பக்கமும் தவறும். 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கந்தோர்ப் நகரத்தார் ஏஓஎல் சேவையில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்தனர். ஊர்ப்பெயருக்குள் ஒரு கெட்ட ஆங்கிலச் சொல்லின் எழுத்துகள் ஒளிந்திருந்ததுதான் காரணம். 2020 ஏப்ரலில் கிளவுட்ஃப்ளேர் தன் குடும்பச் சேவையைத் தொடங்கியபோது, தவறான பட்டியலால் பால்புதுமையினருக்கான தளங்களும் தடுக்கப்பட்டன. நிறுவனம் வருத்தம் தெரிவித்துத் திருத்தியது. உடல்நலம், பருவ வயது மாற்றங்கள், மார்பகப் புற்றுநோய் பற்றிய பக்கங்கள் இப்படி அடிக்கடி சிக்குகின்றன. பிள்ளைக்கு மிகவும் தேவையான தகவல் இவற்றில்தான் இருக்கிறது என்பதால் இந்தத் தவறு சிறியதல்ல. மறுபக்கம், ஆங்கிலச் சொற்பட்டியலை நம்பியிருக்கும் வடிகட்டிகள், தமிழிலோ ஆங்கில எழுத்தில் தமிழாகவோ எழுதப்பட்ட வசைகளையும் ஆபாசத்தையும் எளிதில் தவறவிடுகின்றன. தமிழ் வீடுகளில் கருவியை மட்டும் நம்ப முடியாததற்கு இதுவே போதுமான காரணம்.

அதனால் அனுமதிப் பட்டியலைப் பராமரிப்பதும் அமைப்பு வேலையின் பகுதி. ஃபேமிலி சேஃப்டியில் தடைபட்ட பக்கத்துக்குப் பிள்ளை அனுமதி கேட்கலாம். கோரிக்கை பெற்றோருக்கு வரும். அதற்கு அன்றே பதில் சொல்லும் வீட்டில் பிள்ளை கேட்டுப் பெறுகிறது. நாள்கணக்கில் கிடப்பில் போடும் வீட்டில் குறுக்குவழி தேடுகிறது. வடிகட்டி இருப்பதையும் எதற்காக இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மறைத்துவைத்த கண்காணிப்பு வெளிப்படும் நாளில் உடையும் நம்பிக்கையை எந்த அமைப்பாலும் மீட்க முடியாது. வளர வளரத் தடையைத் தளர்த்துவதும் அவசியம். எட்டு வயதில் போட்ட அமைப்பு பதினைந்து வயதில் அப்படியே இருப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

எல்லாம் முடிந்ததும் சோதனையைப் பிள்ளையின் கணக்கில் நுழைந்துதான் செய்ய வேண்டும். பெற்றோரின் கணக்கில் பார்ப்பது எதையும் நிரூபிக்காது. ஒருமுறை வீட்டு வைஃபையிலும் ஒருமுறை ஹாட்ஸ்பாட்டிலும் பார்ப்பது நல்லது. ரவுட்டரை மாற்றும்போதும், புதிய உலாவி நிறுவும்போதும், விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு வந்த பிறகும் இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். மாற்றிய முகவரிகளையும் கடவு எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பீரோவில் பூட்டி வைத்தால் அப்போது தேட வேண்டியிருக்காது.