மேற்பல்லும் கண் பார்வையும்

“மேற்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்” என்று நம்பிய எங்கள் அப்பாயி, கடைவாய்ப் பல்வலியைக் கிராம்பு வைத்தே ஓராண்டு பொறுத்தார். கன்னம் வீங்கிய பிறகுதான் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து காரைக்காலுக்கு அழைத்துச் சென்றோம். அவர் கேட்ட கேள்விகள் பல வீடுகளில் எழுபவையே.

பார்வை கெடுமா? கெடாது. மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளில் பார்வைக்குரியது 2-ஆவது, பற்களுக்குரியது 5-ஆவது. மேற்பல்லுக்கு வரும் கிளையே கீழ் இமைக்கும் உணர்ச்சி தருவதால், பல்வலி கண்ணருகே தெறிப்பதுண்டு. அச்சம் அதிலிருந்து பிறந்திருக்கலாம்.

வலி நின்றால் குணமா? அன்று. கிராம்பிலுள்ள யூஜினால் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவே. சொத்தை ஆழமாகிப் பல்லின் நரம்பு இறந்தாலும் வலி நிற்கும். சீழோ வேர்நுனியில் சேரும்.

குழி தானே மூடாதா? மூடாது. எனாமலை உண்டாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. சிறு குழியாக இருக்கும்போதே அடைத்தால் பல் பிழைக்கும்.

பிடுங்கும்போது வலிக்குமா? மரத்துப்போக ஊசி போடுவதால் அழுத்தம் மட்டுமே தெரியும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், உண்ணும் மாத்திரைகள் ஆகியவற்றை மருத்துவரிடம் முன்னரே கூறிவிட வேண்டும்.

பல் எடுத்த மறுநாள், அப்பாயி முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கினார். பார்வை இருந்தவாறே இருந்தது!

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வகுப்பில் கற்ற நரம்புப் பாடத்தைத் தேர்வுத்தாளில் எழுதினேன், வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு பல் பிழைத்திருக்கும். நண்பர்களே, நீங்களேனும் இன்றே சொல்லுங்கள்.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவர்