யார் பெரியவர்?

நுழையும்முன்

‘யார் பெரியவர்?’ என்னும் வினா மிகப் பழையது. வீட்டிலும் வகுப்பறையிலும் ஊர்மன்றத்திலும் அது நாள்தோறும் ஏதேனும் ஒரு வடிவில் எழுகிறது. அவ்வினாவுக்கு விடைதேடும்போது பணிவு, அறிவு, உள்ளம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைக் காண்கிறோம். தென்தமிழகத்தின் மண்ணிலும் வாழ்விலும் வேர்கொண்ட கிறித்தவச் சிந்தனைகளின் வழியே அப்பிணைப்பை ஆராய்கிறது இப்பாடம்.

வினா பிறந்த ஊர்

தென்காசி மாவட்டத்தில் அமைந்துள்ள சங்கரன்கோவில், கரிசல் நிலமும் விசைத்தறி ஓசையும் பூச்சந்தையும் கொண்ட ஊர். அவ்வூருக்குப் பெயர்தந்த திருக்கோவிலின் தலவரலாறு ஒரு வழக்கில் தொடங்குகிறது. நாக அரசர்களான சங்கனும் பதுமனும், சிவனும் திருமாலுமாகிய இருவருள் பெரியவர் யார் என வாதிட்டனர். முடிவு காணாத அவ்வழக்கு அன்னையிடம் சென்றது. அன்னை தவமிருந்தாள். இறைவன் ஒருபாதி சிவனாகவும் மறுபாதி திருமாலாகவும் சங்கரநாராயணராகக் காட்சி தந்தான் என்பது வரலாறு. ஆடித் தபசுத் திருவிழா இன்றளவும் அக்காட்சியைக் கொண்டாடுகிறது.

இக்கதையில் உற்றுநோக்கத்தக்கது ஒன்று உண்டு. ‘இவரே பெரியவர்’ என்னும் தீர்ப்பு எவருக்கும் கிடைக்கவில்லை. வினாவே பொருளற்றதாகிவிட, வாதிட்டவர்கள் ஒன்றாக நின்று வணங்கினர். இதே வினா, கப்பர்நகூமில் ஒரு வீட்டிலும் எழுந்ததாக மாற்கு நற்செய்தி கூறுகிறது. வழிநெடுகத் தம்முள் பெரியவர் யார் என வாதிட்டுவந்த சீடர்களை நோக்கி, ‘எதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள்?’ எனக் கேட்டார் இயேசு. அவர்கள் வாய்திறக்கவில்லை. அம்மௌனம் பொருள் நிறைந்தது. தம்முள் பேசும்போது பெருமையாகத் தோன்றிய சொல், ஆசானின் முன்னிலையில் நாணத்தைத் தந்தது. இயேசு ஒரு சிறு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்தினார். அக்காலச் சமூகத்தில் எவ்வித மதிப்பும் அதிகாரமும் இல்லாத ஓர் உயிரே அவர்களுக்குக் காட்டப்பட்ட அளவுகோல்.

தோளில் இருந்த துண்டு

யோவான் நற்செய்தி காட்டும் மற்றொரு நிகழ்வு, இறுதி இராவுணவின்போது நடந்தது. இயேசு பந்தியிலிருந்து எழுந்தார்; மேலாடையைக் கழற்றி வைத்தார்; ஒரு துண்டை எடுத்து இடையில் கட்டிக்கொண்டார்; பாத்திரத்தில் நீர் வார்த்துத் தம் சீடர்களின் பாதங்களைக் கழுவினார். புழுதி படிந்த பாதங்களைக் கழுவுவது அந்நாளில் பணியாளரின் வேலை. பேதுரு அதனை ஏற்க மறுத்தார். தம் ஆசான் தம்முன் குனிவதை அவருடைய உள்ளம் தாங்கவில்லை.

இக்காட்சியின் ஆழத்தை உணரத் தமிழ்நாட்டு மக்களுக்கு விளக்கவுரை தேவையில்லை. துண்டு எங்கே இருக்கிறது என்பதே ஒருவரது மதிப்பைச் சொன்ன காலம் இங்கே இருந்தது. தோளில் கிடந்த துண்டு மதிப்பின் அடையாளம். அதனை எடுத்து இடையில் கட்டிக்கொண்டு நிற்பது பணிதலின் அடையாளம். ஆதிக்கம் கொண்டோர் முன்னிலையில் எளிய மக்கள் துண்டை இடையில் கட்டி, முதுகு வளைத்து நிற்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். நற்செய்திக் காட்சியில் துண்டை இடையில் கட்டியவரோ ஆசான். எவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று கத்தோலிக்கத் தேவாலயங்களில் குருமார்கள் மக்களின் பாதங்களைக் கழுவும் சடங்கு இந்நிகழ்வின் நினைவாகும். 2013ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிசு, உரோமை நகரின் இளஞ்சிறார் சிறைக்குச் சென்று பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் பெண்களும் இசுலாமியரும் இருந்தனர்.

பணிவும் பணியவைத்தலும்

பணிவைப் பற்றிப் பேசுவோர் தெளிவாக்கிக்கொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. பணிவு வேறு, பணியவைத்தல் வேறு. முன்னது உள்ளத்திலிருந்து பிறக்கும் அறம். பின்னது பிறர்மீது சுமத்தப்படும் கொடுமை. வெளித்தோற்றத்தில் இரண்டும் குனிதலே. ஆனால், ஒன்றில் மனிதர் வளர்கிறார். மற்றொன்றில் மனிதர் சிறுமைப்படுத்தப்படுகிறார்.

தென்திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடினர். மேலாடையின்றி நிற்பதே மேற்குலத்தாருக்குக் காட்டும் மரியாதை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. மரியாதை என்னும் நல்ல சொல் அங்கே விலங்காக மாற்றப்பட்டிருந்தது. அவ்விலங்கை ஏற்க மறுத்த பெண்களைப் பணிவற்றவர் எனச் சொல்ல இயலுமா? 1859ஆம் ஆண்டு அரசாணை வழியாக அவர்கள் மேலாடை அணியும் உரிமை ஏற்கப்பட்டது. கிறித்தவம் தழுவிய பெண்கள் இப்போராட்டத்தில் முன்னின்றனர். எல்லா மனிதரும் இறைவனின் சாயல் என்னும் நம்பிக்கை அவர்களை நிமிரச் செய்தது. துண்டைக் கட்டிக் குனிந்த ஆசானின் செயலும், நிமிர்ந்து நின்ற இப்பெண்களின் செயலும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள். உயரத்தில் இருப்பவர் இறங்கிவர வேண்டும். தாழ்த்தப்பட்டவர் எழுந்துநிற்க வேண்டும். இருவரும் சமமான தரையில் சந்திக்கும் இடத்திலேயே பணிவு தன் முழுப்பொருளைப் பெறுகிறது.

கேட்கும் உள்ளம்

பணிவுக்கும் அறிவுக்கும் என்ன தொடர்பு? விவிலியத்தின் அரசர்கள் நூலில் இதற்கு விடை உண்டு. இளம்வயதில் அரியணை ஏறிய சாலமோனிடம், வேண்டுவதைக் கேள் என இறைவன் கூறினார். நீண்ட ஆயுளையோ செல்வத்தையோ பகைவரின் அழிவையோ சாலமோன் கேட்கவில்லை. தாம் சிறுவன், நடந்துகொள்ளும் முறை அறியாதவன் என்று முதலில் ஒப்புக்கொண்டார். பின்னர், மக்களுக்கு நீதி வழங்குவதற்கேற்ற உள்ளத்தைக் கேட்டார். எபிரேய மூலத்தில் அவர் கேட்டது ‘கேட்கும் உள்ளம்’ என்பதாகும்.

அறிவு தலையில் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். எபிரேய மரபு அதனை உள்ளத்தில் வைக்கிறது. அவ்வுள்ளத்திற்குச் செவியையும் அளிக்கிறது. இது தமிழ் மரபுக்கும் அயலானதன்று. திருவள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கேள்விக்கும் தனி அதிகாரம் வகுத்து, அதனை அடுத்தே அறிவுடைமையை வைத்தார். கேட்டலைத் தொடர்ந்து அறிவு வருகிறது. நிரம்பிய குடத்தில் நீர் வார்க்க இயலாது. ‘எனக்கு எல்லாம் தெரியும்’ என்னும் உள்ளம் நிரம்பிய குடம் போன்றது.

கற்க வந்த ஆசான்

கேட்கும் உள்ளத்திற்குத் தென்தமிழகம் கண்ட சான்று வீரமாமுனிவர். இத்தாலி நாட்டில் 1680ஆம் ஆண்டு பிறந்த கான்சுடான்டைன் சோசப் பெசுகி, சமயம் பரப்பத் தமிழகம் வந்து, கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி முதலிய ஊர்களில் பணியாற்றினார். போதிக்க வந்தவர் முதலில் மாணவரானார். சுப்பிரதீபக் கவிராயரிடம் அவர் தமிழ் கற்றார் என்பது மரபு. உணவு, உடை, பேச்சு ஆகியவற்றில் இம்மண்ணின் வழக்கத்தை மேற்கொண்டார். 1714, 1715ஆம் ஆண்டுகளில் எழுந்த எதிர்ப்பில் மரண தண்டனையிலிருந்து மயிரிழையில் தப்பினார். எனினும், தமிழ்மீது கொண்ட பற்று குறையவில்லை. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியைப் படைத்தார். அக்காப்பியத்தின் தலைவர் வளன். அவர் அரசரோ போர்வீரரோ அல்லர். உழைத்து வாழ்ந்த தச்சர்.

அவரே எழுதிய பரமார்த்த குருவின் கதை, அறியாமையை நகைச்சுவையால் சுட்டுகிறது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும் குருவும் ஓர் ஆற்றைக் கடக்கின்றனர். கரையேறியபின் எண்ணிப் பார்க்கும்போது ஐவரே இருப்பதாகக் கண்டு, ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென அழுகின்றனர். எண்ணியவர் ஒவ்வொருவரும் தம்மை எண்ண மறந்தனர்.

நகைத்துக் கடந்துவிடக்கூடிய இக்கதை பணிவின் இலக்கணத்தை உணர்த்துகிறது. தம்மை எண்ணாமல் விடுவது பணிவன்று, அது பேதைமை. தம்மை இருவராகவோ பதின்மராகவோ எண்ணிக்கொள்வது செருக்கு. தம்மையும் ஒருவராக, ஒருவராக மட்டுமே எண்ணுவது பணிவு. தன் ஆற்றலை மறைத்து, ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ எனச் சொல்வதும் தவறான கணக்கே. சரியான கணக்கு அறியும் உள்ளமே அறிவுடையது.

தாழ்ந்த நிலத்தில் தங்கும் நீர்

திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில் 1827ஆம் ஆண்டு பிறந்தவர் எச்.ஏ. கிருட்டிணபிள்ளை. தமிழ்ப் புலமை மிக்க அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘கிறித்தவக் கம்பர்’ எனப் போற்றப்படும் அவர் தம் காப்பியத்திற்கு மூலமாகக் கொண்டது, சான் பனியன் என்னும் ஆங்கிலேயர் எழுதி 1678ஆம் ஆண்டு வெளிவந்த நூல். பனியன் பல்கலைக்கழகம் காணாதவர். ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிட்டுப் பிழைத்தவர். தம் நம்பிக்கைக்காகச் சிறையிருந்தவர். மரபிலக்கியத்தில் தோய்ந்த ஒரு புலவர், அத்தகைய தொழிலாளியின் உரைநடையில் தம் காப்பியத்துக்கான கருவைக் கண்டார். சொன்னவர் யார் என்பதைக் கருதாது சொன்ன பொருளைக் காணும் அறிவு அது.

பனியனின் நூலில் பயணி கடக்கும் இடங்களுள் ஒன்று தாழ்மைப் பள்ளத்தாக்கு. அதில் இறங்குவது கடினம், கால் வழுக்கும். ஆயினும், அந்நிலமே வளம் மிக்கது. மழைநீரைக் குளத்தில் தேக்கி வாழும் வானம்பார்த்த ஊர்களின் மக்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. மேட்டில் பெய்த மழை நில்லாது ஓடிவிடும். பள்ளத்தில்தான் அது தங்கும்.

கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றின் உறுப்பினராக விளங்கிய தாமசு இராக்லாந்து, சென்னையில் தாம் வகித்த செயலாளர் பொறுப்பை விட்டு, 1854ஆம் ஆண்டு வடதிருநெல்வேலியின் சிற்றூர்ப் பணிக்கு வந்தார். கூடாரங்களில் தங்கி ஊர் ஊராகச் சென்றார். 1858ஆம் ஆண்டு சிவகாசியில் மறைந்தார். நான்கே ஆண்டுகள். உலகியல் கணக்கில் அது இழப்பு. நிலத்தில் விழுந்து மடியும் கோதுமை மணியே மிகுந்த விளைச்சலைத் தரும் என்னும் நற்செய்தி உவமையை நம்பியவருக்கு அது விதைப்பு.

அன்றாட அறம்

பணிவை வெளிப்படுத்தப் பெரிய மேடைகள் தேவையில்லை. வகுப்பில் புரியாததைப் ‘புரியவில்லை’ எனக் கூறுவது பணிவு. நண்பன் சொன்ன விடை சரியெனக் கண்டதும் தன் விடையைத் திருத்திக்கொள்வது அறிவு. மிகுந்த மதிப்பெண் பெற்றவர், பின்தங்கியவர் அருகில் அமர்ந்து பாடம் சொல்லித்தருவது துண்டைக் கட்டிய ஆசானின் வழி. நம் வீட்டின், தெருவின் தூய்மைக்காக உழைப்போரைப் பெயர்சொல்லி மதிப்புடன் அழைப்பதும் அவ்வழியே. அதேபோல், ஒருவர் மற்றொருவரைப் பிறப்பின் பெயரால் குனியச் சொல்லும்போது, ‘இது பணிவன்று’ எனத் துணிந்து உரைப்பதும் பணிவுடையோரின் கடமை.

யார் பெரியவர் என்னும் வினாவுடன் கப்பர்நகூம் வந்த சீடர்கள், விடைக்கு மாறாக ஒரு பிள்ளையைக் கண்டனர். அப்பிள்ளை ஒவ்வொரு நாளும் ஏதேனும் ஒரு வடிவில் நம் நடுவிலும் நிற்கிறது. அதனைக் காண, கேட்கும் உள்ளம் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டு சதுரகராதியைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளைக் கொண்டதால் அது இப்பெயர் பெற்றது. எகர ஏகார, ஒகர ஓகார எழுத்துகளை வேறுபடுத்திக் காட்ட அவர் செய்த சீர்திருத்தம் இன்றும் வழக்கில் உள்ளது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் தலவரலாறு அல்லது வாய்மொழிக் கதை ஒன்றில் பணிவு பற்றி வெளிப்படும் கருத்தை வகுப்பறையில் பகிர்க.

2. ‘பணிவும் பணியவைத்தலும்’ என்னும் தலைப்பில் குழுவாகக் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா: சாலமோன் இறைவனிடம் கேட்டது யாது?

சிறுவினா: ஆற்றைக் கடந்த குருவும் சீடர்களும் செய்த பிழை பணிவின் இலக்கணத்தை எங்ஙனம் விளக்குகிறது?

நெடுவினா: ‘உயரத்தில் இருப்பவர் இறங்கிவர வேண்டும், தாழ்த்தப்பட்டவர் எழுந்துநிற்க வேண்டும்’ – இக்கூற்றைப் பாடப்பகுதிவழி நிறுவுக.