பாம்பு கடித்தவர் கண் திறக்கவில்லையா? உயிர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள்



செம்பனைக் காட்டில் எலிக்குப் பஞ்சமில்லை. எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். நம் சுங்கை செம்பிலாங், ஜெராம், ஈஜோக் பக்கத்தில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை மூன்று.

1. கருநாகம். மலாய்க்காரர்கள் 'உலார் செண்டோக்' என்பார்கள். படமெடுக்கும், கண்ணைப் பார்த்து விஷத்தைப் பீச்சும். கடித்த இடம் வீங்கி, சதை அழுகலாம்.

2. கட்டுவிரியன். கறுப்பு வெள்ளை அல்லது கறுப்பு மஞ்சள் பட்டை போட்டது. 'காதாம் தெபு' என்பார்கள். இரவில் திரியும். கடித்தால் வலி, வீக்கம் அதிகம் இருக்காது. அதுதான் ஆபத்து.

3. கடலோரக் கண்டல் காட்டில் இருக்கும் குழிவிரியன். கடித்தால் வலியும் வீக்கமும் கடுமையாக இருக்கும்.

கட்டுவிரியன் விஷம் என்ன செய்கிறது? நரம்பு சொல்வதைத் தசை கேட்காமல் செய்துவிடுகிறது. முதலில் கண் இமை தொங்கும். பிறகு பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. கடைசியில் மூச்சு விடும் தசையும் நின்றுவிடும்.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் "மேலே பாருங்க, நாக்கை நீட்டுங்க, தலையைத் தூக்குங்க" என்று சொல்கிறோம். ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டுகிறோம். நல்ல உடம்பில் தட்டிய செய்தி முதுகுத்தண்டுக்குப் போய்த் திரும்பி, கால் தானாக உதைக்கும். விஷம் ஏறியவருக்குக் கால் அசையாமல் போகலாம். டார்ச் அடித்தாலும் கண்மணி சுருங்காமல் போகலாம். பார்ப்பவருக்குப் பிணம் போலத் தெரியும். ஆனால் மூளை விழித்திருக்கலாம், காது கேட்கலாம்!

பல வருஷங்களுக்கு முன் ஒரு தொழிலாளி தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். விடியற்காலை கண் திறக்கவில்லை. "குடிச்சிட்டுக் கிடக்கிறான்" என்றார்கள் சிலர். நான் போனபோது முட்டி தட்டியும் கால் உதைக்கவில்லை, மூச்சும் நின்றுகொண்டிருந்தது. வீட்டில் அழுகை தொடங்கிவிட்டது. ஆனால் நாடி ஓடியது. பையை அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சில நாள் இயந்திரம் மூச்சு விட்டது. பிறகு எழுந்து உட்கார்ந்தவர் என்னிடம் சொன்னார்: "ஐயா, நீங்க எல்லாரும் அழுதது எனக்குக் கேட்டுச்சு."

கடித்துவிட்டால் என்ன செய்வது?

- ஓடவிடாதீர்கள். கடிபட்ட கை காலை மட்டை வைத்துக் கட்டி அசையாமல் வையுங்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள்.
- இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், சாராயம் கொடுக்காதீர்கள்.
- 999க்குப் போன் போடுங்கள். அல்லது கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், நிறுத்தாதீர்கள்.
- கண்ணில் விஷம் பட்டால் நிறைய சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டே வாருங்கள்.
- பாம்பைப் பிடிக்கப் போகாதீர்கள். தூர நின்று கைப்பேசியில் படம் எடுத்தால் போதும்.

"மந்திரிச்சுக் குணமாச்சே" என்பார்கள். 1950களில் பினாங்கு பொது மருத்துவமனையில் பாம்புக்கடியை ஆராய்ந்த டாக்டர் அலிஸ்டர் ரீட், விஷப்பாம்பு கடித்த பலருக்கு விஷமே ஏறுவதில்லை என்று கண்டார். அப்படிப்பட்டவர் தானே பிழைக்கிறார். பெயர் மந்திரவாதிக்குப் போகிறது. விஷம் ஏறியவரோ அங்கே காத்திருந்து சாகிறார். விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் உண்டு. பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். சீக்கிரம் வந்தால்தான் முழுப்பலன். வலி இல்லை என்றாலும் ஒரு நாளாவது அங்கே இருங்கள்.

உதிரிப்பழம் பொறுக்கும்போது கையை நேரே விடாமல் குச்சியால் கிளறுங்கள். பூட்ஸ் போடுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் வெளியே போகாதீர்கள். தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலை கட்டிப் படுங்கள். வீட்டோரம் குப்பை சேர விடாதீர்கள்.

கால் உதைக்கவில்லை, கண் திறக்கவில்லை என்பதற்காக யாரையும் கைவிடாதீர்கள். இறந்தார் என்று சொல்ல வேண்டியது டாக்டர். அதுவரை நம் வேலை மூச்சுக் கொடுப்பதுதான்.