பச்சை முட்டை சேராத காரத் தயிர்ச் சாஸ்

வறுத்த கோழி, ஷவர்மா போன்றவற்றுக்குத் தொட்டுக்கொள்ள வழங்கப்படும் மயோனைஸ் இன்று பல இல்லங்களிலும் விரும்பி உண்ணப்படுகிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர், பிள்ளைகள் உண்பதைக் கண்டு தாமும் சிறிது கேட்பது இயல்பே. "கூடாது" என்று மறுப்பதோடு நில்லாமல், அதன் காரணத்தையும் அதற்குரிய மாற்றையும் அறிந்துகொள்வோம்.

ஏன் கவனம் தேவை?

முட்டையின் மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின், எண்ணெய்த் துளிகளைப் பிரியவிடாமல் தாங்குவதாலேயே மயோனைஸ் குழைவாக அமைகிறது. மரபான செய்முறையில் இக்கலவை சூடாக்கப்படுவதில்லை. ஆகவே முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருப்பின், அது அழியாமல் எஞ்சக்கூடும். ஓடு தூய்மையாகவும் விரிசலின்றியும் இருந்தாலும் உள்ளே கிருமி இருக்க வாய்ப்புண்டு. நலமுள்ளவருக்குச் சில நாள் வயிற்றுப்போக்கோடு நீங்கும் இத்தொற்று, முதியோர், குழந்தைகள், கருவுற்ற தாய்மார், புற்றுநோய் மருந்து பெறுவோர் ஆகியோருக்குக் கடுமையாகலாம். தமிழ்நாடு அரசும் 2025 ஏப்ரலில், பச்சை முட்டை மயோனைஸின் தயாரிப்பு, சேமிப்பு, விற்பனை ஆகியவற்றை ஓராண்டுக்குத் தடை செய்தது.

தேவையானவை (நால்வருக்கு)

காய்ச்சிய பாலில் உறையிட்ட புளிக்காத தயிர் 500 கிராம், காய்ந்த மிளகாய் 4, பூண்டு 6 பல், வறுத்துப் பொடித்த சீரகம் அரைத் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி.

செய்முறை

1. கொதிநீரில் இட்டெடுத்த மெல்லிய பருத்தித் துணியை வடிகட்டியின்மேல் விரித்துத் தயிரை ஊற்றுக. அடியில் ஒரு பாத்திரம் வைத்து, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மணி நேரம் வைத்திடுக. நீர் வடிந்து தயிர் வெண்ணெய்போல் கெட்டிப்படும்.
2. மிளகாயையும் பூண்டையும் பத்து நிமிடம் நீரில் வேகவைத்து, ஆறியபின் விழுதாக அரைத்திடுக.
3. விழுது, சீரகம், சாறு, உப்பு ஆகியவற்றைத் தயிரோடு கலந்திடுக.

தயிரிலுள்ள கேசின் என்னும் புரதம் மிளகாயின் காரப்பொருளைப் பற்றிக்கொள்வதால், காரம் நாவை மிகுதியாகச் சுடாது. பூண்டும் சீரகமும் சுவையூட்டுவதால் உப்பும் குறைவாகவே போதும். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இச்சாஸில் ஒருவர் பங்குக்கு ஏறக்குறைய 0.3 கிராம் உப்பே சேர்கிறது.

நினைவிற்கொள்க

• உண்ணும் அளவை மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுத்து, எஞ்சியதை உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும். இரண்டு நாட்களுக்குள் உண்டு முடிக்கவும். கிண்ணத்தில் மீந்ததை மீண்டும் சேர்க்க வேண்டா.
• வாய்ப்புண், நெஞ்செரிச்சல் உள்ளோருக்கு மிளகாயை நீக்கிச் செய்து தருக.
• சிறுநீரக நோயாளிகள் தயிரின் அளவை மருத்துவரிடம் கேட்டறிக. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைத் தாமாகப் பயன்படுத்தலாகாது.
• உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும், வெள்ளணுக்கள் குறைந்திருப்போரும் தயிர் உண்ணலாமா என்பதை முதலில் தம் மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்க.

உணவுக் கட்டுப்பாடு நோயாளியைக் குடும்பப் பந்தியிலிருந்து விலக்கிவிடலாகாது. ஒரே கிண்ணத்திலிருந்து அனைவரும் பரிமாறிக்கொள்ளத்தக்க உணவைச் சமைப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதியே என நாங்கள் கருதுகிறோம்.