கையொப்பமும் சட்டமும்: வணிக ஒப்பந்தங்களில் குடியரசுத் தலைவரின் அதிகாரம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்குக் குடியரசுத் தலைவரின் சட்டமியற்றும் அதிகாரம் புதிதன்று. இங்கு நில ஆவணங்களுக்கு அடிப்படையாக நிற்பது 1966-ஆம் ஆண்டின் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறை. அது நாடாளுமன்றத்தில் நிறைவேறியதன்று. அரசமைப்பின் 240-ஆவது பிரிவின்கீழ்க் குடியரசுத் தலைவர் பிறப்பித்தது. சட்டமன்றம் இல்லாத இத்தீவுகளில் அத்தகைய ஒழுங்குமுறைக்கு நாடாளுமன்றச் சட்டத்துக்கு நிகரான வலிமை உண்டு. அவ்வாறாயின், பிற நாடுகளுடன் செய்துகொள்ளும் வணிக ஒப்பந்தமும் அவர் பெயரால் கையொப்பமானவுடன் சட்டமாகிவிடுமா?

ஆகாது. ஒப்பந்தம் செய்துகொள்வது ஒன்றிய அரசின் நிர்வாக அதிகாரம். அது குடியரசுத் தலைவர் பெயரால், அமைச்சரவையின் அறிவுரைப்படி நடைபெறுகிறது. கையொப்பத்துக்கு முன் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயமன்று. ஆனால் ஒப்பந்தம் குடிமக்களின் உரிமையைத் தொடுமானால், அல்லது நடப்பிலுள்ள சட்டத்தை மாற்றுமானால், தனிச் சட்டம் வேண்டும். மகன்பாய் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1969-இல் இதைத் தெளிவுபடுத்தியது. அவ்வாறு சட்டமியற்றும் அதிகாரத்தை 253-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு வழங்குகிறது.

இந்த வேறுபாட்டின் விலையை நம் நாடு ஒருமுறை கொடுத்தது. உலக வணிக நிறுவனத்தைத் தோற்றுவித்த ஒப்பந்தம் 1994 ஏப்ரலில் மராகேஷ் நகரில் கையொப்பமாயிற்று. மருந்துகளுக்கும் வேளாண் வேதிப்பொருள்களுக்கும் வரும் காப்புரிமை விண்ணப்பங்களை 1995 ஜனவரி 1 முதல் பெற்றுப் பாதுகாத்து வைப்பது அதன்படி இந்தியாவின் கடமை. நம் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமோ அப்பொருள்களுக்குக் காப்புரிமை வழங்க இடந்தரவில்லை. எனவே 1994 டிசம்பர் 31 அன்று குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மா அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தார்.

அவசரச் சட்டத்தின் ஆயுள் குறுகியது. நாடாளுமன்றம் மீண்டும் கூடிய ஆறு வாரங்களில் அது காலாவதியாகும். மாற்று மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குச் சென்று தேங்கியது. (நம் தீவுகளுக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர் உண்டு, மாநிலங்களவையில் இடமே இல்லை.) 1995 மார்ச்சில் அவசரச் சட்டம் மறைந்தது, 1996-இல் மக்களவை கலைக்கப்பட்டபோது மசோதாவும் மறைந்தது.

இடைக்காலத்தில் அரசு, விண்ணப்பங்களைப் பெற்றுவைக்குமாறு காப்புரிமை அலுவலகங்களுக்கு நிர்வாக அறிவுறுத்தல் மட்டும் தந்திருந்தது. அமெரிக்கா முறையிட்டது. சட்டம் ஒன்று சொல்ல, அறிவுறுத்தல் வேறொன்று சொன்னால் விண்ணப்பதாரர் எதை நம்புவார் என்பதே வழக்கின் சாரம். உலக வணிக நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பு 1997 டிசம்பரில் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1999-இல் திருத்தச் சட்டம் வந்த பிறகே சிக்கல் நீங்கியது. தீர்ப்பு நமக்குக் கசப்பானதே. எனினும் சுற்றறிக்கையால் சட்டத்தைத் திருத்த இயலாது என்பது வங்கியில் பணிபுரியும் நமக்கு அந்நியமான பாடமன்று.

அமெரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. அங்கே சுங்கவரி விதிக்கும் அதிகாரம் அரசமைப்பின்படி காங்கிரசுக்கு உரியது. 2025-இல் அந்நாட்டு அதிபர், 1977-ஆம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதாரச் சட்டத்தைக் காட்டித் தம் ஆணையாலேயே வரி விதித்தார். ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது கூடுதல் வரி 50 விழுக்காடாயிற்று. அந்த ஆணைகள் நீதிமன்றம் ஏறின.

இறக்குமதியில் ஈடுபடும் தீவு வணிகர்களுக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. ஆசியான் நாடுகளுடனான சரக்கு வணிக ஒப்பந்தம் 2009 ஆகஸ்டில் கையொப்பமானது. 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட மாதங்களில் அதன் சலுகை வரியை எவரும் கோரியிருக்க முடியாது. சுங்கச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் நாடாளுமன்றம் தந்த அதிகாரத்தைக் கொண்டு ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட்ட பின்னரே சலுகை உயிர்பெறும். ஆகவே நாளிதழில் கையொப்பச் செய்தியைக் கண்டு விலை பேசிக் கடன் உறுதிக் கடிதம் திறக்க வருவோரிடம், அறிவிக்கையின் எண்ணையும் நாளையும் பார்த்துக்கொள்ளுமாறு நாம் கூறுகிறோம்.

அறிவிக்கை இருந்தாலும் உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் மட்டும் போதாது. 2020 செப்டம்பர் 21 முதல், பொருள் உண்மையில் அந்நாட்டில் உருவானதற்குரிய விவரங்களை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும். ஐந்தாண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். விற்பவரிடம் அவற்றைக் கேட்டுப் பெறத் தகுந்த காலம், பணம் செலுத்துவதற்கு முன்புதான்.